ஊட்டாத கை

பென்சிலை முதலில் பிடுங்கிப் பரணில் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் என் வீடு தேடி வந்தாள். அவளுடைய மையத்தில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல் பிடிக்கிறானாம். ஒரு கோடு இழுத்தால் தாள் கிழிகிறதாம். “பக்கத்து நர்சரியில எல்லாம் ஏ பி சி டி எழுதுதுங்க, இங்க என்னதான் பண்றீங்க?” என்று அவனுடைய அம்மா தினமும் வாசலில் நின்று சண்டை போடுகிறாளாம். சொல்லும்போதே இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அந்தப் பையனுக்குச் சட்டைப் பொத்தான் யாரு போட்டு விடுறா?” என்று கேட்டேன்.

“அவங்க அம்மாங்க.”

“சோறு?”

“அதுவும் அவங்கதான் ஊட்டுவாங்க.”

“அப்ப பென்சிலையும் அவங்களையே புடிக்கச் சொல்லு.”

சிரித்துவிட்டாள். போகும்போது, “இதையெல்லாம் எழுதிக் குடுங்கம்மா, நாங்க எல்லாரும் படிக்கிறோம்” என்றாள். அதனால் எழுதுகிறேன். நான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன் என்று ஊரே சொல்லும். எழுத்திலும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பூதலூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். எங்கள் தெருவில் பள்ளியிறுதி வரை படித்த முதல் பெண் நான்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. பயிற்சி முடித்துப் பால்வாடி டீச்சராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்போது அதற்கு அங்கன்வாடி என்று பெயர் வந்திருந்தது. நீங்கள் பயிற்சியில் நுண்தசைத் திறன் என்று படிக்கிறீர்கள். கிள்ளுவது, கிழிப்பது, கோப்பது, பிசைவது, பொத்தான் போடுவது எல்லாம் அதில் அடக்கம். நாங்கள் ‘விரல் பழகுறது’ என்போம். உங்களுக்குக் கலர் மணியும் களிமண் டப்பாவும் அரசாங்கமே கொடுக்கிறது, நல்லதுதான். எனக்கு வாய்க்கால் வண்டல் கிடைத்தது. அதைப் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டிய தொல்லையும் அப்போது இல்லை.

எந்த வயதில் எந்த விரல் என்ன செய்யும் என்பதை உங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. பிள்ளையின் விரல் பழக வேண்டுமென்றால் பெரியவர்கள் தங்கள் கையை எப்போது விலக்கிக்கொள்வது என்பது. எந்தப் பயிற்சியிலும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அதைச் செய்து காட்டிய இரண்டு பேரை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேருமே டீச்சர்கள் இல்லை.

ஒருவர் கோடியக்கரைக்குப் போகும் சாலையில் ஒரு சின்ன ஊர்க்காரர். சவூதியில் வேலை. அவருடைய மகன் நசீர் என்னிடம் இருந்தான். நாலு வயதில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வான், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அது ஏதோ பெரிய காரியம் என்பதுபோல். அப்பா லீவில் வந்தார். ஜிப் வைத்த சட்டை, எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ஷூ என்று பெட்டி நிறையக் கொண்டுவந்தார். லீவு பாதி முடிவதற்குள் நசீர் பொத்தானை மறந்துபோனான். பொத்தான் சட்டையை நீட்டினால் கையை விரித்துக்கொண்டு நிற்பான், யாராவது போட்டுவிடட்டும் என்று.

அவன் அம்மாவிடம் சொன்னேன். “அவரு ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தது டீச்சர். எப்படி வேணாங்கிறது?” என்றார். அது நியாயம்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனுஷனிடம் போய், நீங்கள் வாங்கி வந்தது சரியில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் பையனைக் கூட்டிப்போக வந்தபோது, “உங்க சட்டைக்கு இனிமே நசீரையே பொத்தான் போடச் சொல்லுங்க பாய்” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. மேல் பொத்தான் இரண்டாவது ஓட்டையில், அதற்கடுத்தது மாட்டவே இல்லை, கீழே ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் ஏறி. கடைத்தெருவே பார்க்கிறது. ஒருவர் நிறுத்திச் சரிசெய்யக் கைநீட்டினார். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்மவன் போட்டது பாய், இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். லீவு முடிகிற வரைக்கும் எல்லா வெள்ளிக்கிழமையும் மகன் போட்டபடியேதான் போனார். கடைசி வெள்ளி அன்று சட்டை ஒழுங்காக இருந்தது. எனக்கு அந்த மனுஷன்மேல் ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை.

இன்னொருவர் பாக்கியம். அவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

இது அதற்குப் பல வருஷம் முந்தியது. எனக்கு வேலை கிடைத்த புதிது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். கழக ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. விவசாயக் கூலிக்குச் சட்டமெல்லாம் போட்டிருந்தார்கள். சட்டத்தில் இருந்த கூலி வேறு, களத்தில் அளந்து போட்ட கூலி வேறு. அதனால் நடவு நெருங்கினாலே ஊர் இரண்டாகப் பிரியும். கூலிக்காரர்கள் வசித்த தெற்குத் தெருவில் செங்கொடி ஏறும். பண்ணை வீட்டு வாசலில் போலீஸ் வேன் வந்து நிற்கும். என்னுடைய பால்வாடி நடந்தது பண்ணைக்குச் சொந்தமான களத்துக் கொட்டகையில். வந்த பிள்ளைகள் தெற்குத் தெருப் பிள்ளைகள். நடுவில் நானும் சமையல் ஆயாவும்.

பாக்கியம் தெற்குத் தெருவில் நடவு ஆட்களுக்குத் தலைவி. என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் இறந்துவிட்டார். ஒரே பெண், செல்வி, நாலு வயது.

அந்தக் கோடையில் செல்விக்குக் கை வெந்துபோனது. நெல் அவிக்கும் அடுப்பில் உமியைத்தான் எரிப்பார்கள். எரிந்த உமி மேலே வெள்ளையாக ஆறிப்போய்த் தெரியும், உள்ளே தணல் கிடக்கும். குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா? மணல் என்று நினைத்து வலது கையை உள்ளே விட்டுவிட்டாள். புண் எப்படியோ ஆறியது. ஆறிய தோல் உள்ளங்கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டது. விரல்கள் மெல்ல மெல்ல உள்ளே மடங்கின.

பாக்கியத்துக்குத் துணையாக நானும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர். பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை, இன்றும் அந்த வருத்தம் உண்டு. செல்வியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“தோல் இன்னும் எளசாத்தான் இருக்கு. இப்ப விரிச்சு விரிச்சு வேலை வாங்கினா கை பொழைச்சுக்கும். விட்டுட்டா இப்படியே ஒட்டிப்போயிடும். அப்புறம் கத்தி வச்சாலும் நான் உறுதி சொல்ல முடியாது” என்றார். “எண்ணெய் போட்டு நீ விரிச்சு விடுறது பாதிதான். மீதி அவளா விரிக்கணும். மூடுறது வேணாம், அது தானா நடக்குது. விரிக்கணும்.”

பாக்கியம் தலையாட்டினார். டாக்டர் சும்மா இருக்காமல், “என்னம்மா, இந்தக் கை என்ன செய்யணும்னு ஆசைப்படுற?” என்று கேட்டார்.

“நாத்தும் புடிக்கணுங்க, பேனாவும் புடிக்கணுங்க. அப்புறம் எது வேணும்னு அவளே பாத்துக்கட்டும்” என்றார் பாக்கியம்.

அந்தப் பதிலைக் கேட்டபோதே இந்த அம்மாள் சாதாரண ஆள் இல்லை என்று எனக்குப் பட்டது.

இப்போது சிக்கலைக் கேளுங்கள். தெற்குத் தெருப் பிள்ளைகள் உட்காரத் தெரிந்ததுமே தானாகச் சாப்பிடும். அம்மா விடியும்போதே வயலுக்குப் போய்விடுவாள், ஊட்ட யார் இருக்கிறார்கள்? அந்தப் பிள்ளைகளுடைய விரல்களைப் பார்த்து நான் அசந்துபோவேன். மூன்று வயதில் மீன் முள்ளைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடும். ஆனால் செல்வியின் வலது கைதான் வெந்த கை. இடது கையால் சோற்றைத் தொடலாமா? நம் ஊரில் நடக்குமா? ஒருமுறை இடது கையைத் தட்டில் வைத்தாள். அவளுடைய அத்தை குஞ்சம்மா அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். வலது கை முடியாது, இடது கை கூடாது, அப்புறம் என்ன வழி? ஊட்டித்தான் விட வேண்டும்.

தெருவே ஊட்டியது. குஞ்சம்மா ஒரு வாய், பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாய், பால்வாடியில் எங்கள் ஆயா ஒரு வாய். எந்தப் பிள்ளைக்கும் இல்லாத செல்லம். செல்வி மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை மட்டும் திறந்து மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கையைப் பார்க்கப் பயமாகிவிட்டது. பாக்கியம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து விரித்துவிட்டுப் போன விரல்கள், பகல் முழுக்க வேலையே இல்லாமல் மறுபடியும் மூடிக்கொண்டன. பாசத்தில் அந்தத் தெரு செய்துகொண்டிருந்த காரியத்தால் கை போய்க்கொண்டிருந்தது.

நான் பாக்கியத்திடம் சொன்னேன். அவர் வாதம் பண்ணவில்லை. அன்றைக்கே வீடு வீடாகப் போய், “எம்புள்ளைக்கு இனி யாரும் ஊட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். தெரு பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டிரைக் வந்தது. சம்பா நடவுக்கு நாற்று தயாராக நிற்கிறது, கூலி நெல்லைக் கூட்டித் தராமல் வயலில் இறங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். முன்னால் நின்றவர் பாக்கியம். நாற்று முற்றினால் பண்ணைக்கு நஷ்டம். வேலை இல்லாவிட்டால் தெற்குத் தெருவில் அடுப்பு எரியாது. யார் முதலில் தளர்வார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்ததென்றால் என் பால்வாடியில் மத்தியானம் போட்ட கோதுமை உப்புமாவால்தான்.

பண்ணைக் காரியஸ்தர் கொட்டகைக்கு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “நீங்க இதுங்களுக்கு ஆக்கிப் போடுற வரைக்கும் அப்பனும் ஆத்தாளும் எறங்கி வர மாட்டாங்க டீச்சர். கொஞ்ச நாளைக்கு லீவு விட்டுடுங்க. ஐயா சொல்லச் சொன்னாங்க.”

“மேலேருந்து உத்தரவு வந்தா மூடுறேங்க” என்றேன். காரியஸ்தர் வந்ததையும் என்னிடம் பேசியதையும் தெற்குத் தெரு பார்த்துவிட்டது. அது பிறகு எப்படித் திரும்பியது என்பதைச் சொல்கிறேன்.

செல்விக்கு ஊட்டுவதில்லை என்று ஆயாவும் நானும் முடிவு செய்திருந்தோம். முதலில் அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று உப்புமாவை உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தோம். மடங்கிய விரல்களுக்குள் உருண்டை வாகாக உட்கார்ந்துகொண்டது. கையோடு வாயில் வைத்துக் கடித்துத் தின்றாள். எங்களுக்கு ஏக சந்தோஷம். ஆயா கைகூடத் தட்டினார். அன்று சாயங்காலம் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து என் சந்தோஷம் இறங்கியது. உருண்டையைப் பிடிப்பதற்குக் கை மூடினால் போதும். மூடுவதுதான் தானாக நடக்கிறதே. பிள்ளைக்குச் சுலபமானது எல்லாம் பிள்ளையின் கைக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுநாள் எல்லாருக்கும் போட்டதுபோல் உதிரியாகவே தட்டில் போட்டேன். செல்வி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. அழுதாள், தட்டைத் தள்ளினாள். மற்ற பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து எழுந்து போய்விட்டன. “டீச்சரம்மா, இது பாவம், எனக்குத் தாங்கல” என்று ஆயா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சாயங்காலம் ஒரு டம்ளர் பால்மாவு கரைத்துக் குடிக்கக் கொடுத்து அனுப்பினேன். ஆனாலும் அந்தப் பிள்ளை அன்று சாப்பிடவில்லை என்பது உண்மை.

ராத்திரியே தெருவில் பேச்சு பரவிவிட்டது. காரியஸ்தர் வந்தார், டீச்சரிடம் பேசினார், மறுநாளே ஸ்டிரைக் தலைவியின் பிள்ளைக்குச் சோறு இல்லை. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தட்டு போட்ட நேரத்துக்கு ஒரு கூட்டம் பெண்கள் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் குஞ்சம்மா.

“ஏ டீச்சரு! பண்ணையில சொன்னாங்கன்னு பச்சப்புள்ளயப் பட்டினி போடுறியா? நீயும் கூலிக்காரி வயித்துலதானே பொறந்த?”

அந்தக் கேள்வி என்னைக் குத்திய குத்து கொஞ்சமல்ல. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே செல்வி தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுகிறாள். இவர்களை உள்ளே விட்டால் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போவார்கள், அந்தக் கை இனித் திறக்காது. விடாமல் நின்றால் நாளைக்கு ஒரு பிள்ளைகூட வராது. காலிக் கொட்டகையைக் காரியஸ்தர் பூட்டுவார், எல்லாப் பிள்ளைக்கும் மத்தியானச் சோறு போய்விடும். யோசிக்க நேரமில்லை.

“பாக்கியம் அக்காவக் கூட்டிட்டு வாங்க. அவங்க ஊட்டச் சொன்னா நானே என் கையால ஊட்டுறேன்” என்றேன்.

அது சூதாட்டம் மாதிரிதான். பெற்றவள் வந்து பார்த்தால் ஊட்டாமல் இருப்பாளா? ஆனால் அந்தக் கை விஷயத்தில் முடிவு சொல்ல என்னைவிட அவருக்குத்தான் உரிமை இருந்தது.

கொடிக்கம்பத்தடியில் கூட்டத்தில் இருந்த பாக்கியம் வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் வழிவிட்டார்கள், நானும் விலகினேன். அவர் முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். கிடைத்ததைப் பிள்ளைக்குட்டிக்காரிகளுக்குக் கொடுத்துவிடுவார். உதடு வெடித்திருந்தது.

செல்வி அம்மாவைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு வாயை ஆவென்று திறந்தாள். இனிக் கவலை இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பாக்கியம் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய வலது கை தானாகத் தட்டை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். பாதி வழியில் நின்றது. அப்புறம் அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகி, அதன்மேல் கனமாக உட்கார்ந்துகொண்டார்.

“ஊட்டும்மா.”

“மாட்டேன்டா கண்ணு.”

“என்னடி பொம்பள நீ, ஊட்டுடி!” என்று வாசலிலிருந்து குஞ்சம்மா கத்தினாள். பாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை. செல்வி மறுபடி அழத் தொடங்கினாள். பெண்களில் பாதிப் பேர் அழுதார்கள். ஆயா கொல்லைப் பக்கம் போய்விட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அங்கே அழாமல் இருந்தது கையின்மேல் உட்கார்ந்திருந்த பாக்கியம் ஒருத்திதான்.

கொஞ்ச நேரம் கழித்து, “செல்வி” என்றார். “அம்மாவுக்குப் பசிக்குதுடி.”

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

பிள்ளை அழுகையை நிறுத்தி அம்மாவின் வாயைப் பார்த்தாள். அது விளையாட்டில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அடுப்பு எரியாததைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைதானே. மடங்கிய வலது கை தட்டுக்குள் போனது. அள்ளியது, உதிர்ந்தது. மறுபடி அள்ளியது. விரலிடுக்கில் கொஞ்சம் உப்புமா ஒட்டிக்கொண்டு அம்மாவின் உதடு வரைக்கும் வந்துவிட்டது. அங்கே வந்து நின்றுபோனது. கை மூடியிருக்கிறது, உப்புமா உள்ளே இருக்கிறது, அம்மா வாயைத் திறந்துகொண்டு இருக்கிறாள். தன் வாயாக இருந்தால் கையோடு வைத்து நக்கிக்கொள்ளலாம். அடுத்தவர் வாயில் போட வேண்டுமென்றால் கையைத் திறந்தாக வேண்டும்.

செல்வி புருவத்தைச் சுருக்கினாள். முதலில் கட்டைவிரல் தள்ளியது. அப்புறம் ஆள்காட்டி விரல் மெதுவாக எழும்பியது. உள்ளங்கைத் தழும்பு இழுபட்டு வெளுத்தது. வலித்திருக்கும், ஸ்ஸ் என்றாள். ஆனால் கையைப் பின்னால் இழுக்கவில்லை. நடுவிரலும் எழும்பியது. இத்தனூண்டு உப்புமா அம்மாவின் வாய்க்குள் விழுந்தது, மீதி புடவையில் விழுந்தது.

“இன்னும்” என்றார் பாக்கியம்.

இன்னொரு வாய் போனது. இன்னொன்றும். திடீரென்று குஞ்சம்மா உள்ளே வந்து பாக்கியத்துக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அத்தைக்குக் குடுக்க மாட்டியாடி?” என்று வாயைத் திறந்தாள். அப்புறம் மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். தட்டு காலியாகப் போகிறதைப் பார்த்து, “எனக்கு?” என்று செல்வியே பதறிப்போய்த் தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். அந்தக் கையால்தான். ஆயா இன்னொரு அடுப்பு மூட்டினார்.

ஸ்டிரைக் முடிகிற வரைக்கும் மத்தியானச் சாப்பாடு எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. முதலில் அடுத்தவருக்கு ஒரு வாய், அப்புறம் தனக்கு. பிள்ளைகள் எல்லாருமே அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிந்தியது சிந்தியதுதான், கோழிகள் சந்தோஷமாக இருந்தன. தாலுக்கா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்து கேட்டதில் பாதி கிடைத்தது. தெரு அதை வெற்றி என்றது, பண்ணையும் தனக்கு வெற்றி என்றது. முற்றிப்போன நாற்றைப் பறித்து நட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனோம். டாக்டர் விரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்தே இருக்கும், மற்றது பிழைத்துக்கொண்டது என்றார். என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் பாக்கியத்தைப் பார்த்தார். அதுவரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்த பாக்கியத்தைத் தன் எதிரே இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

நான் செய்ததைப் பார்த்துவிட்டு நீங்களும் பிள்ளைகளைத் தட்டின் முன்னால் அழவிட்டுவிடாதீர்கள். டாக்டர் சொல்லியிருந்தார், பெற்றவள் ஒப்புக்கொண்டிருந்தாள், வேறு வழி இல்லை. அப்படி இல்லாத இடத்தில் அது வெறும் கல்நெஞ்சம். ஆனால் பொத்தானை மாட்டத் திணறும் பிள்ளையைப் பார்த்து உங்கள் கை துறுதுறுக்கும்போது, கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை, அந்தப் பிள்ளைக்கு அது அன்றைய பாடம்.

செல்வி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறாள், மன்னார்குடியில். தன் மகள் முதல் வகுப்புக்குப் போகிற வரைக்கும் அவளுக்கு ஊட்டித்தான் விட்டாள். நான் போகும்போதெல்லாம் திட்டுவேன். “உங்க வேலையப் பாருங்க டீச்சர்” என்பாள். பெற்றவர்களிடம் நம் பாடம் எடுபடாது, அதற்காகச் சொல்லாமல் இருக்கவும் கூடாது.

பாக்கியம் எதையும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் ஆள் இல்லை. அந்த ஸ்டிரைக் முடிந்து நடவு தொடங்கியபோது நான் வரப்பில் போய் நின்றேன். வரிசையில் அவர்தான் முதல் ஆள். இடது கையில் நாற்று முடி, வலது கை கிள்ளிக் கிள்ளிச் சேற்றில் ஊன்றிக்கொண்டே போகிறது. எனக்கு மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு அது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

“எது டீச்சர்?”

“புள்ளய உங்களுக்கு ஊட்டச் சொன்னது.”

அவர் நிமிராமலே சிரித்தார்.

“தோணவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கைய வெளிய விட்டிருந்தா ஊட்டியிருப்பேன் டீச்சர். சத்தியமா ஊட்டியிருப்பேன். அதான் கைமேல உக்காந்தேன். வாய் மட்டுந்தான் சும்மா இருந்துச்சு.” இன்னும் இரண்டு நாற்றை ஊன்றிவிட்டுச் சொன்னார். “நெசமாவே பசி.”